கிணற்றுக் கயிறு எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அலுவலகத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தினால் ஊழியர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள் என்று வருந்திய ஒரு வாசகருக்கு, "அடுத்த முறை தீ என்று சொல்லாதீர்கள், ஜாம்பி வருகிறது என்று சொல்லிப் பாருங்கள்" என்று பதில் எழுதியிருந்தேன். வேடிக்கையாக எழுதிய அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். தீயணைப்பு நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒத்திகைகளைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். செத்த பின்னும் எழுந்து வந்து கடிக்கும் நடைபிணங்களான ஜாம்பிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம், உங்களைப் போலவே, திரையில் பார்த்ததுதான்.

கேள்வி: ஐயா, கல்லூரி ஆண்டு விழாவின்போது விடுதி மாணவர்களைக் கொண்டு ஜாம்பித் தாக்குதலிலிருந்து தப்பும் ஒத்திகை ஒன்றை நடத்த அனுமதி கேட்டோம். "படிப்பதை விட்டுவிட்டுப் பிணத்தோடு விளையாடப் போகிறீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உலகில் பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: செய்திருக்கிறார்கள், தம்பி, அதுவும் சிரிப்புக்கே இடமில்லாத அலுவலகங்களில் செய்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், ஜாம்பிகள் பெருகினால் பொதுமக்கள் எப்படி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று 2011 மே மாதத்தில் தன் இணையதளத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. படிக்க வந்தவர்களின் நெரிசலைத் தாங்காமல் அந்தப் பக்கமே முடங்கிப்போனது. கட்டுரையில் சண்டைப் பயிற்சி எதுவும் இல்லை. குடிநீர், கெடாத உணவு, அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள், அடையாள ஆவணங்கள், குடும்பத்தினர் சிதறிவிட்டால் கூடுவதற்கு வீட்டருகில் ஓரிடமும் ஊருக்கு வெளியே ஓரிடமும் என்று, புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் ஆண்டுதோறும் சொல்லப்பட்டு ஆண்டுதோறும் மறக்கப்படும் அதே செய்திகள்தாம் இருந்தன.

அதே ஆண்டு ஏப்ரல் 30 என்று தேதியிட்ட இன்னொரு ஆவணம் உண்டு. அமெரிக்காவின் அணு ஆயுதங்களுக்குப் பொறுப்பான ராணுவத் தலைமையகத்தில், இளநிலை அதிகாரிகளுக்குத் திட்டம் தீட்டக் கற்றுக்கொடுப்பதற்காக எழுதப்பட்ட அந்த ஆவணத்தின் பெயர் 'கான்பிளான் 8888'. ஜாம்பிகளை அது வகை வகையாகப் பிரிக்கிறது. செடிகொடிகளை மட்டுமே தின்னும் சைவ ஜாம்பிக்குக்கூட அதில் தனி இடம் இருக்கிறது. இதையெல்லாம் ஏன் எழுதினார்கள் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தை உங்கள் கல்லூரி நிர்வாகத்திடம் நீங்கள் அப்படியே எடுத்துச் சொல்லலாம். துனிசியா, நைஜீரியா என்று உண்மையான நாடுகளின் பெயரை வைத்துப் பயிற்சித் திட்டம் எழுதினால், அதைப் பார்க்க நேர்பவர்கள் உண்மையான படையெடுப்புத் திட்டமென்று எண்ணிவிடக்கூடும். ஜாம்பியை எதிரியாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. நம் ஊருக்கும் இது பொருந்தும். ஒத்திகைக்காகக் கற்பனைக் கலவரம் ஒன்றை எழுதினால், "அந்தக் கலவரக்காரர்கள் எந்தத் தெருக்காரர்கள்?" என்ற கேள்வியில் ஒத்திகை நின்றுபோகும். ஜாம்பிக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை, புண்படுவதற்கு மனமும் இல்லை. நம் ஊர்ப் பேய்க்கதைகளில் வரும் பேய்க்காவது ஒரு பெயர் இருக்கும், தீராத ஒரு குறை இருக்கும், படையல் வைத்தால் இறங்கிப் போகும். அந்த வழியும் இங்கே அடைபட்டிருக்கிறது.

என் அனுபவத்தில் கண்ட காரணம் வேறொன்று. தீ ஒத்திகை என்றால் விடை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்: மணி அடிக்கும், வரிசையாக இறங்க வேண்டும், மைதானத்தில் நிற்க வேண்டும், கைதட்ட வேண்டும். தெரிந்த விடையை ஒப்பிக்கும்போது மூளை உறங்குகிறது. ஜாம்பி என்று சொன்னவுடன் விடுதிக் காப்பாளர் உட்பட எவருக்கும் விடை தெரியாது. அப்போதுதான் பயனுள்ள கேள்விகள் பிறக்கும்: மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கும் மூன்றாம் மாடி மாணவனை இறக்குவது யார், விடுதியில் இந்த நிமிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

விளையாட்டாகவும் நடத்த வேண்டுமானால், 2005-இல் அமெரிக்காவின் கௌச்சர் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய 'மனிதர்களும் ஜாம்பிகளும்' என்ற துரத்தல் விளையாட்டு இருக்கிறது. மனிதராக இருப்பவர் கையில் துணிப்பட்டை கட்டிக்கொள்வார். ஜாம்பி தொட்டுவிட்டால் அந்தப் பட்டை தலைக்கு ஏறும், அவரும் ஜாம்பியாகிவிடுவார். சுருட்டிய காலுறையை எறிந்து ஜாம்பியைச் சில நிமிடங்கள் செயலற்று நிற்கச் செய்யலாம். இரண்டு நாள் எவரையும் தொடாத ஜாம்பி பட்டினியால் ஆட்டத்தை விட்டு விலக வேண்டும். ஒரு தொற்று எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை வகுப்பில் வரைபடம் போட்டுக் காட்டுவதைவிட இது தெளிவாகக் காட்டும். படிக்கட்டில் மட்டும் ஓடவே கூடாது என்ற விதியை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் 'விடுதி வெளியேற்ற ஒத்திகை' என்று தலைப்பிட்டு, ஜாம்பியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினால் அனுமதி கிடைப்பது எளிதாகும்.

கேள்வி: ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் மூன்று நாள் வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? எங்கள் வீட்டில் கிணறு இருப்பதால் தண்ணீருக்குக் கவலையில்லை.
– இல்லத்தரசி, குலசேகரம்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. குமரி மாவட்டத்தில் கிணறு இல்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது என்பது உண்மைதான். அந்தக் கிணற்றிலிருந்து கையால் நீர் இறைத்து எத்தனை ஆண்டுகள் ஆயின? மோட்டார் வைத்த பிறகு கப்பியைக் கழற்றியிருப்பீர்கள், கிணற்றின் மேல் கம்பி வலை போட்டுப் பூட்டியிருப்பீர்கள், கயிறு மாட்டைக் கட்டவோ துணி காயப்போடவோ போயிருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனபோது, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கண்ணுக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருக்க, அதை எடுக்கக் கயிறில்லாமல் நின்ற வீடுகளை நானே பார்த்தேன். ஆகவே உங்கள் வீட்டின் முதல் ஒத்திகை இதுதான்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கால் மணி நேரத்துக்குள் ஒரு குடம் நீர் கிணற்றிலிருந்து அடுக்களைக்கு வந்து சேர வேண்டும். முதல் முறை வராது. வலையின் சாவியைத் தேடுவதிலேயே கால் மணி போய்விடும்.

குடிப்பதற்கும் சமையலுக்கும் சிறிய அளவில் கழுவுவதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். மூடியுள்ள நான்கு குடங்கள் அல்லது மூன்று பெரிய கேன்கள் போதும். வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பட்டியல்களில் உள்ள டின் உணவுகளைத் தேடி மார்த்தாண்டம் கடைத்தெருவில் அலைய வேண்டியதில்லை. அவலும் கருப்பட்டியும் அடுப்பில்லாமல் பசியாற்றும். நேந்திரங்காய் வற்றல், வறுத்த நிலக்கடலை, தேங்காய், பழுக்கப் போட்ட ஏத்தன் வாழைக்குலை ஆகியவை நம் வீடுகளில் எப்போதும் இருப்பவை. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் அது கெடத் தொடங்கும்; நன்றாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள சயனைடு சேர்மங்கள் உடலுக்குத் தீங்கு செய்யும்; வேகவைக்க நிறைய எரிபொருளும் நீரும் வேண்டும். முற்றுகை நாளுக்கு ஏற்ற கிழங்கு அது அன்று.

மருந்துகளில் இன்சுலின் பற்றி ஒரு சொல். குளிர்பெட்டி நின்றுபோனால், மண்பானையில் ஈர மணல் பரப்பி, நீர் புகாதபடி கட்டிய இன்சுலின் குப்பியை உள்ளே வைத்து நிழலில் வைக்கலாம். சில நாள்களைச் சமாளிக்க இது உதவும்.

கேள்வி: ஆபத்து என்று தெரிந்தவுடன் காரை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுவதே புத்திசாலித்தனம் என்கிறேன். சரிதானே?
– வணிகர், தக்கலை

பதில்: வெள்ளிக்கிழமை மாலையில் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு நீங்கள் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறீர்கள் என்பதை முதலில் எழுதியனுப்புங்கள். இந்த மாவட்டத்துக்கு மூன்று பக்கம் கடல் என்று மிகைப்படுத்திச் சொல்வார்கள். கடலும் மலையும் சேர்ந்து அடைத்ததுபோக மிஞ்சியிருக்கும் பெரிய வாசல்கள் ஆரல்வாய்மொழி, களியக்காவிளை, அஞ்சுகிராமம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த யோசனை உங்கள் ஒருவருக்கே தோன்றியிருந்தால் பலிக்கும்.

கேள்வி: விவேகானந்தர் பாறை, வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகிய நான்கில் ஜாம்பிகளிடமிருந்து தப்ப எது சிறந்தது என்று எங்கள் நண்பர்களுக்குள் நீண்ட நாளாக வாக்குவாதம். நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– நூலக வாசகர் வட்டத்தினர், திருவட்டாறு

பதில்: நான்குமே வேண்டாம் என்பதே தீர்ப்பு. ஆனால் வாதங்கள் சுவையானவை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் நிற்பதால் பாதுகாப்பானது என்று உங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நீரைக் கொண்டுபோகக் கட்டிய தொட்டி அது. இரு முனைகளும் தரையோடு தரையாகத் திறந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் வழி அடைபட்டால் நடுவில் நிற்பவருக்கு மூன்றாவது வழி 115 அடி கீழே இருக்கிறது.

புலியூர்க்குறிச்சியின் உதயகிரிக் கோட்டைக்கு வலுவான மதிலும் உள்ளே ஒரு குன்றும் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பின்னர் அவருடைய படைக்கே தளபதியாகிவிட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாயின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மதில் நீளமாக இருந்தால் அதைக் காக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். சோறு வெளியிலிருந்து வர வேண்டும். கோட்டை என்பது படையும் களஞ்சியமும் உள்ள அரசனுக்கான ஏற்பாடு. வாசகர் வட்டத்தினர் பன்னிரண்டு பேருக்கு அதன் ஒரு வாசலைக் காப்பதே பெரும்பாடு. கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டைக்கும் இதே பதில்.

விவேகானந்தர் பாறைதான் நான்கில் வலுவான வேட்பாளர். 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் வழியாகத் திருவள்ளுவர் சிலைக்கும் நடந்து போய்விடலாம் என்பதால், முற்றுகையின்போது உலாவுவதற்கும் இடம் கிடைக்கும். ஆனால் படகு இல்லாமல் அங்கே சோறும் இல்லை, நோயாளிக்கு மருத்துவரும் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள் என்பது சுற்றுலா வந்தவர்களுக்கே தெரியும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு இதே எண்ணம் தோன்றினால், படகுத்துறை நெரிசலில் அடிபடுபவர்களே ஜாம்பிகளிடம் அகப்படுபவர்களைவிட அதிகமாக இருப்பார்கள்.

கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வாளர்கள் 2015-இல் அமெரிக்க மக்கள்தொகையை வைத்து ஜாம்பித் தொற்றைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் விரைவில் விழுந்தன; ஆள் நடமாட்டம் குறைந்த ராக்கி மலைப்பகுதி நெடுநாள் தாங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 18,70,374 பேர். ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பேருந்து நடத்துநர் சொன்னால்தான் தெரிகிறது. ஓடி ஒளிவதற்கான ஆளில்லா வெளி இங்கே இல்லை என்பதால், வீட்டுக்குள்ளேயே கதவடைத்து மூன்று நாள் தாங்கும் ஒத்திகையே நமக்குப் பொருத்தமானது. குலசேகரம் அம்மையாருக்குச் சொன்ன கயிறு உங்களுக்கும் வேண்டும்.

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜாம்பி ஒத்திகை என்றால் குழந்தைகள் ஆவலோடு வருவார்கள் என்று தோன்றுகிறது. இரவில் பயந்து அழுவார்களோ என்றும் தோன்றுகிறது. எப்படி நடத்துவது?
– ஆசிரியை, கருங்கல்

பதில்: ஆறாம் வகுப்புக்குக் கீழே ஜாம்பி வேண்டாம். அவர்களுக்குப் பூனையும் எலியும் போதும். மேல் வகுப்புகளிலும் இரத்தச் சாயம், முகமூடி, கூச்சல், கடிப்பதுபோல் நடிப்பது ஆகியவற்றை அறவே விலக்குங்கள். மெதுவாக நடந்துவரும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் ஜாம்பியாக இருந்தால் போதும். ஒத்திகை நாளைப் பெற்றோருக்கு எழுத்திலும் காவல் நிலையத்துக்கு நேரிலும் முன்னதாகத் தெரிவியுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் 'ஒத்திகை' என்ற சொல்லை முதலிலும் கடைசியிலும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியே நிற்கும் யாராவது ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்; அரைமணி நேரத்தில் வாசலில் பெற்றோர் கூட்டம் கூடிவிடும், ஒத்திகை உண்மையான பேரிடராகவே முடியும்.

பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளியில் நாங்கள் நடத்திய ஒத்திகை இன்னும் நினைவில் இருக்கிறது. முன்வாசல் அடைபட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறுமாறு சொன்னோம். பிள்ளைகள் மூன்றே நிமிடத்தில் பின்வாசலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த வாசலில் துருப்பிடித்த பூட்டு ஒன்று தொங்கியது. சாவி காவலாளியிடம், காவலாளி தேநீர்க் கடையில், தேநீர்க் கடை முன்வாசலுக்கு எதிரே. பதினெட்டு நிமிடம் நானூறு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். மறுநாள் பூட்டை அறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். காகிதத்தில் அந்தப் பள்ளிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஆய்வுக்கு வந்த எல்லோரும் இரண்டு வாசல் என்றே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே உங்கள் ஒத்திகையில் ஜாம்பி எப்போதும் முன்வாசலில் நிற்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையை "நீ இங்கேயே உட்கார்ந்துகொள், இது வெறும் ஒத்திகைதானே" என்று விட்டுவிடுவது எங்கும் காணும் தவறு. அந்தப் பிள்ளையோடு வெளியேறுவதைத்தான் முதலில் பழக வேண்டும். மைதானத்தில் தலை எண்ணும்போது, வருகைப் பதிவேடு வகுப்பறையிலேயே கிடக்கிறதா, ஆசிரியரின் கையில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: உண்மையிலேயே ஜாம்பி உண்டா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தோவாளை

பதில்: எறும்புகளில் உண்டு என்று சொல்லலாம். வெப்பமண்டலக் காடுகளில் ஒரு வகைப் பூஞ்சை எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதைக் கூட்டத்தை விட்டுப் பிரித்து, தரையிலிருந்து சிறிது உயரத்தில் ஓர் இலையின் நரம்பைக் கவ்வச் செய்து கொல்கிறது. பிறகு எறும்பின் தலையிலிருந்து காம்புபோல் வெளியே வளர்ந்து வித்துகளைக் கீழே தூவுகிறது. மனிதரிடம் அது செல்லாது. நீ பயமின்றித் தோட்டத்தில் நடக்கலாம்.

நீ உண்மையாக அறிந்துகொள்ள வேண்டியது வேறொன்று, தம்பி. கடித்தால் பரவும், மூளையைப் பிடிக்கும், பிடித்தவரின் குணத்தை மாற்றும், அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை: இந்த இலக்கணம் முழுதும் பொருந்தும் நோய் நம் தெருவிலேயே இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் அது. ஒரு வேறுபாடு உண்டு. மனிதர் கடித்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. இன்னொரு வேறுபாடு அதைவிடப் பெரியது: ஜாம்பிக்கு மருந்தில்லை, இதற்கு 1885-இல் லூயி பாஸ்டர் முதல் தடுப்பூசியைச் செலுத்திய நாளிலிருந்து தடுப்பு மருந்து இருக்கிறது. நம் மாநிலத்தில் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனம் 1907-ஆம் ஆண்டில் இந்தப் பணிக்காகவே தொடங்கப்பட்டது.

எனவே உன் வீட்டு ஒத்திகை இப்படி அமையட்டும். கடிபட்டதாக வைத்துக்கொண்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டு அந்த இடத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள். பெரியவர்கள் பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்திலேயே "போதும்" என்று குழாயை மூடிவிடுவார்கள். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் ஊசியாக இருந்தால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என்று நான்கு முறை. பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் எதிர்ப்புப் புரத ஊசி போடுவார்கள். நாய் நலமாக இருக்கிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதே. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்கலாம். 28-ஆம் நாள் ஊசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நாள்காட்டியில் வட்டம் போடுவதும் ஒத்திகையின் பகுதி.

கேள்வி: மாவட்ட நிர்வாகத்திடம் ஜாம்பித் தாக்குதலை எதிர்கொள்ளும் திட்டம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பத்மநாபபுரம்

பதில்: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2011-இல் ஒரு குடிமகன் தங்கள் நாட்டுச் சட்டத்தின்கீழ் இதையே கேட்டார், அப்படிப்பட்ட திட்டம் எதுவும் இல்லை என்று மாநகராட்சி ஒப்புக்கொண்டது. இங்கும் அந்த ஒற்றை வரிதான் வரும். உங்கள் பத்து ரூபாய்க்கு அது போதாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியான பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தில் உங்கள் வார்டுக்கான தங்குமிடம் எது, அதன் சாவிக்குப் பொறுப்பானவர் யார், அந்தக் கட்டடத்தில் கழிவறை செயல்படுகிறதா என்று கேளுங்கள். அலுவலக நடைமுறை அறிந்தவர் நீங்கள். கேள்வியைச் சிறியதாகக் கேட்டால் பதில் நழுவ இடமிருக்காது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: 2004-இல் கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் இளைஞர்கள் இப்போது ஜாம்பி ஒத்திகை என்று பேசிச் சிரிக்கிறார்கள். சாவை வைத்து விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் தவறா?
– ஒரு சகோதரி, மணக்குடி அருகிலிருந்து

பதில்: தவறே இல்லை. மேலே இத்தனை பக்கம் ஜாம்பிக்காக வாதாடிய நானே, உங்கள் ஊரில் அதை நடத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆபத்தை நம்ப மறுப்பவர்களைக் கூட்டிவருவதற்குத்தான் கற்பனை எதிரி தேவைப்படுகிறது. உங்கள் ஊரில் நம்பாதவர் யாரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை குமரிக் கரையை அடைவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்தச் செய்தியைக் கரைக்குச் சொல்ல அன்று அமைப்பு எதுவும் இல்லை. கடல் உள்வாங்கினால் என்ன பொருள் என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2007 முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் மையத்திலிருந்து மாவட்டத்துக்கு வரும் எச்சரிக்கை, மாவட்டத்திலிருந்து உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் இன்றும் பலவீனமானது. ஒக்கியின்போது ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த இளைஞர்களைத் திட்ட வேண்டாம். அவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஒத்திகை வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே நல்லது. நீங்கள் அவர்களை அழைத்து, அன்று எந்த வழியாக ஓடினீர்கள், எந்தச் சந்து அடைபட்டது, யார் திரும்பிப் போனார்கள் என்று நடந்தே காட்டுங்கள். முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கத் திரும்பியவர்களை அடுத்த அலை கொண்டுபோனதை அவர்கள் நேரில் கண்டவர் வாயால் கேட்க வேண்டும். அந்த நடைக்கு ஒரு பெயரும் வேண்டியதில்லை. மனம் ஒப்பவில்லையென்றால் நீங்கள் செல்லாமல் வழியை மட்டும் வரைந்து கொடுங்கள். அவசர எண்களான 112, 1077, ஆம்புலன்சுக்கான 108, கடலோரப் பாதுகாப்புக்கான 1093 ஆகியவற்றைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு ஒத்திகையை ஆண்டுக்கு எத்தனை முறை, எப்போது நடத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களுக்கு வசதி.
– தம்பதியர், கோட்டாறு

பதில்: இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் உங்களுடையது, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவத்துக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும் போதும். அவற்றில் ஒன்று இரவில், விளக்கை அணைத்துவிட்டு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டாம், அப்போது எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். நீங்கள் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும் மட்டும் இருக்கும் செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று வலையின் சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.